சந்தனம் ஒட்டிய கீபோர்டு

கீபோர்டில் தட்டுகிற நடையை வைத்து ஆளை அடையாளம் காணும் சிப்பிக்குடியிருப்பு விரல்நடை மையத்தில் கோமதிநாயகம் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த ஒன்பது வருஷத்தில் மேலிடத்துக்கு நாற்பத்தோரு புகார் எழுதியிருக்கிறார். நாற்பத்தொன்றும் ஒரே விஷயம்தான்: கீபோர்டு சரியில்லை. கூரை ஒழுகுகிறது என்றோ மின்விசிறி சுற்றவில்லை என்றோ ஒரு வரி எழுதியவர் இல்லை. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கீபோர்டின் அடிவரிசையில், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடத் தட்டுகிறோமே, அந்த நீளக்கட்டையைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அழுத்தினால் உள்ளே போகும். போனது திரும்பி வராது. இடது கட்டைவிரல் நகத்தால் நெம்பி எழுப்பிவிட வேண்டும். அப்புறம்தான் அடுத்த சொல்.

அது ஏன் அப்படி ஆனது என்பது ஊரறிந்த கதை. மையத்தைத் திறந்த அன்று நல்ல நேரம் பார்த்துப் பூஜை போட்டார்கள். ஊர்த் தலைவர் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு பொட்டு வைக்க இடம் தேடினார். எழுத்துக் கட்டைகள் எல்லாம் பொடிசு. நீளக்கட்டைதான் நெற்றி போல அகலமாக இருந்தது. தாராளமாக மூன்று பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் இட்டார். அது இடுக்கில் இறங்கிக் காய்ந்து கெட்டிப்பட்டுவிட்டது. அதோடு விட்டதா? வருஷா வருஷம் ஆயுத பூஜை வந்தது. கம்ப்யூட்டருக்குப் பொட்டு, பிரிண்டருக்குப் பொட்டு, கீபோர்டுக்கு மட்டும் இல்லை என்றால் நன்றாகவா இருக்கும்? திட்டிக்கொண்டே கோமதிநாயகமும் வைத்தார். அடுத்த நாள் புகாரும் எழுதினார்.

அவருடைய முப்பதாவது புகாருக்கு மாவட்டத்திலிருந்து பதில் வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக இருக்கிறது உங்கள் புகார் என்று ஓர் அதிகாரி எழுதியிருந்தார். கோமதிநாயகம் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான். விடாப்பிடியாக இன்னும் பதினொன்று எழுதினார்.

போன ஆனியில் புதுக் கீபோர்டு வந்தது. பெட்டியைப் பிரித்து, மாட்டி, நீளக்கட்டையை ஒரு தட்டுத் தட்டினார். போனது, வந்தது. மறுபடி தட்டினார். போனது, வந்தது. அன்றைக்கு ஒரு மணி நேரம், காரியம் எதுவும் இல்லாமலே, சும்மா தட்டிக்கொண்டு இருந்தார். அவர் கண் கலங்கியது என்று எதிர்த்த டீக்கடைக்காரர் சொல்வது மிகையாகக்கூட இருக்கலாம். பழையதை, “தொலைஞ்சுது சனியன்” என்று பழைய சாமான் கடை செய்யதிடம் கொடுத்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து, புரட்டாசியில் ஒரு காலைப்பொழுதில், பேச்சித்தாய் வந்தாள்.

பேச்சித்தாய்க்கு உப்பளத்தில் வேலை. நாற்பது வயதிருக்கும். தாய் செத்தபோது மூன்று வயதாக இருந்த தம்பி லிங்கதுரையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவனும் உப்பளத்துக்கே போனான். இப்போது அடிக்கிற வெயிலில் பன்னிரண்டு வருஷம் உப்பு வாரினால் சிறுநீரகம் என்ன ஆகும்? இரண்டும் போய்விட்டது. அக்காவுடையது ஒன்று பொருந்தும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

“அண்ணாச்சி, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சம்மதம் ஏத்தணுமாம்” என்றாள் அவள், செருப்பை வாசலில் கழற்றிக்கொண்டே. “நாளைக்குக் காலைல ஆப்பரேசன். இன்னைக்கு விட்டா அந்த இடம் வேற ஆளுக்குப் போயிருமாம். அடுத்த தேதி ரெண்டு மாசம் கழிச்சுத்தானாம்.”

“ரெண்டு மாசம் அவன் தாங்க மாட்டானோ?”

“ரத்தம் சுத்தம் பண்ணக் கழுத்துல போட்ட டியூப்புல சீழ் வச்சிட்டு. கையில குத்துறதுக்கு நரம்பு இல்ல. இன்னும் பத்து நாள் ஓட்டுனாலே பெரிசுன்னு டாக்டரம்மா சொல்லுதாங்க.”

“அப்ப என்னத்துக்கு நின்னுக்கிட்டு இருக்கே? உக்காரு. ரெண்டு நிமிச வேலை. நீ சம்மதம் தட்டணும். உன்னை யாரும் மிரட்டிக் கூட்டிட்டு வரலன்னு அடுத்தாப்புல நான் சாட்சி தட்டணும். உறுப்பு விஷயத்துல புரோக்கர் தொந்தரவு இருக்குல்லா, அதனால ரெண்டு பேரும் ஒரே கீபோர்டுல, அதைக் கழட்டாம, அடுத்தடுத்துத் தட்டணும்னு விதி. நீ பதிஞ்ச மையத்து ஆள்தான் சாட்சி சொல்ல முடியும். அது நான்தான். கவலைய விடு.”

அவள் தொட்டியில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தாள். தட்ட வேண்டிய வாக்கியம் திரையில் இருந்தது. *நான் பேச்சித்தாய். என் தம்பி லிங்கதுரைக்கு என் சிறுநீரகம் ஒன்றை முழு மனதோடு தருகிறேன்.* ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

திரை சொன்னது: *தட்டியவர் பேச்சித்தாய் அல்லர். ஒற்றுமை 38. மீதமுள்ள வாய்ப்பு 2.*

“நான் இல்லன்னா வேற யாரு அண்ணாச்சி?” என்றாள் அவள். இன்னும் சிரிப்பு மாறவில்லை. மெஷின் ஏதோ விளையாடுகிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

“பதறாதே. கை நடுங்கியிருக்கும்” என்றார் கோமதிநாயகம். சொன்ன மாத்திரத்தில் அவருக்கே சுருக்கென்றது. இதே வார்த்தையை இந்த மூன்று மாதத்தில் இன்னும் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார். கொழுந்துவேல் நிலவரி விஷயமாக வந்து மூன்று தடவை தட்டியும் ஆகாமல் திரும்பிப் போனான். ராசம்மாள் ரேஷனுக்கு வந்து, ஆகாமல், அழுதுகொண்டே போனாள். “குடிச்சிட்டு வந்து தட்டுனா இப்படித்தான்” என்று கொழுந்துவேலை ஏசிக்கூட அனுப்பினார். பாவம், குடிக்காதவன்.

“பேச்சி, திரும்ப ஒருக்கா தட்டுற மாதிரி கையை மட்டும் காத்துல ஆட்டிக் காட்டு. கீபோர்டைத் தொட்டுராதே.”

அவள் ஆட்டினாள். ‘நான்’ முடிந்தது. வலது கட்டைவிரல் இறங்கியது. இடது கட்டைவிரல் தானாக எழுந்து, இல்லாத கட்டையை நகத்தால் நெம்பியது. அப்புறம் ஒரு கணம் நின்றது. அப்புறம்தான் அடுத்த சொல்லுக்குப் போனது.

கோமதிநாயகம் அந்த இடது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி, ஏன் இப்படிப் பாக்கிய?”

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “சொல்லுதேன், கேளு. மூஞ்சி, குரல் எதை வேணும்னாலும் மெஷினை வச்சுப் போலியாச் செஞ்சுரலாம்னு ஆகிப் போச்சு. ரேகையும் திருடு போச்சு. உங்களுக்குத்தான் உப்பு வாரி வாரி ரேகையே கெடையாது. அதான் சர்க்கார்ல விரல்நடைன்னு கொண்டாந்தான். ஒவ்வொருத்தரும் தட்டுறதுல ஒரு நடை இருக்கு. எந்த எழுத்துக்கு எவ்வளவு தாமதம், எங்க நிக்குது, எங்க ஓடுது. காலால நடக்கிற நடையை வச்சே தூரத்துல வாறது யாருன்னு சொல்லிருவோம்லா, அந்த மாதிரி.”

“அது தெரியும் அண்ணாச்சி. நீங்கதானே என்னையப் பதிஞ்சிய.”

“நான்தான் பதிஞ்சேன். எந்தக் கீபோர்டுல பதிஞ்சேன்? அந்தச் சந்தனம் ஒட்டுனதுல. செருப்புக்குள்ள கல்லை வச்சு உன்னை நடக்கவிட்டு, இதுதான் பேச்சித்தாய் நடைன்னு எழுதிக்கிட்டேன். ஊர் மொத்தத்தையும் அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன். இப்ப கல்லை எடுத்தாச்சு. நெம்பக் கட்டை கெடைக்காம உன் விரல் தடுமாறுது.”

“உங்களுக்கு மட்டும் எப்படி ஆகுது?” என்று கேட்டாள்.

“நான் தினமும் தட்டுறவன். என் நடை மாற மாற, கூடவே அதுவும் மாத்தி எழுதிக்கிடும். நீங்க ஆறு மாசத்துக்கு ஒருக்கா வாற ஆளுங்க. உங்களை அதுக்குப் பழைய மாதிரிதான் தெரியும்.”

மாவட்டத்துக்குப் போன் போட்டார். எடுத்தவர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். மறுபதிவு செய்யலாம், தொண்ணூறு நாள் ஆகும் என்றார். ஒரு உயிர் போகிற காரியம் என்று கோமதிநாயகம் சொன்னார். உயிர் போகிற காரியம் என்பதால்தான் விதி இவ்வளவு கடுமை என்று அவர் சொன்னார். கடைசியில் கொஞ்சம் வருத்தத்தோடு, “சார், நீங்க கேட்டதத்தான குடுத்தோம்? நாப்பத்தோரு புகார் இருக்கே இங்க” என்றார். கோமதிநாயகம் போனை வைத்தார்.

“வேணும்னே நிறுத்தி நிறுத்தித் தட்டிப் பாக்கட்டா?” என்றாள் பேச்சித்தாய். “கட்டை உள்ள போயிட்டதா நெனச்சுக்கிட்டு?”

வேறு வழி தெரியாமல் அவரும் சரி என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நெம்பினாள், நின்றாள், உதட்டுக்குள் எண்ணினாள். ஒற்றுமை 41 என்றது. தெரிந்தே நொண்டுகிறவனுடைய நடை நொண்டியின் நடை ஆகாது என்பது அந்த மெஷினுக்குத் தெரிந்திருந்தது. மீதி ஒரு வாய்ப்பு. அதுவும் போனால், கொழுந்துவேலையும் ராசம்மாளையும் போல அவளையும் தொண்ணூறு நாளைக்கு முடக்கிவிடும்.

வழி தேடித் தேடி மணி ஒன்றரை ஆனபோதுதான் பழைய கீபோர்டு ஞாபகத்துக்கு வந்தது. கோமதிநாயகம் மையத்தைப் பூட்டினார். பேச்சித்தாயைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரை விரட்டினார். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. செய்யது கடை புறவழிச்சாலையில், எட்டு மைல். வழியெல்லாம் அவர் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு போனார். ஒன்பது வருஷம் அந்தச் சனியன் தொலைய வேண்டும் என்று வேண்டிய வாய், இப்போது அது தொலைந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தது.

கடை பூட்டிக் கிடந்தது. செய்யது தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போயிருப்பதாகப் பக்கத்து பஞ்சர் கடையில் சொன்னார்கள். ஆள் வர மூன்றே கால் ஆனது.

“கீபோர்டா? மாசம் ரெண்டாயிரம் கீபோர்டு உடைக்கேன் அண்ணாச்சி” என்றார் செய்யது. கோமதிநாயகத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “சந்தனம் குங்குமம் எல்லாம் அப்பிக் கெடந்துச்சே, அதுவா?”

“அதேதான்.”

“அது இருக்கு. சாமிக்கு வச்ச சாமானைச் சுத்தியலால அடிக்க மனசு வரல. எந்தச் சாமியா இருந்தா என்ன?” ஸ்டூலில் ஏறி, மேல்தட்டில் பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தார். “அழுக்கா இருக்கு. ஒரு நிமிசம் இருங்க, பெட்ரோல் தொட்டுத் துடைச்சுத் தாரேன்.”

“தொடாதீய!”

பேச்சித்தாயும் கோமதிநாயகமும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். செய்யது பயந்துபோய் ஸ்டூலிலேயே நின்றார். பேச்சித்தாய் அதை வாங்கிக் குழந்தையைத் தூக்குவது மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். திரும்பும் வழியில் மூன்று வேகத்தடைக்கும் “அண்ணாச்சி, மெதுவா, மெதுவா” என்றாள். நீளக்கட்டை குலுங்கிச் சரியாகிவிடக் கூடாதே என்று அவளுக்குக் கவலை.

நாலு மணி இருபது நிமிஷத்துக்குப் பழைய கீபோர்டை மாட்டினார்கள். கோமதிநாயகம் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். உள்ளே போனது. வரவில்லை. அவருக்கு அந்தக் கட்டையை முத்தமிடலாம் போலிருந்தது.

“தாயி, ஒண்ணும் நெனைக்காதே. சும்மா எப்பவும் போலத் தட்டு.”

அவள் கண்ணை மூடித் திறந்து ஆரம்பித்தாள். ‘நான்’ என்றதும் வலது கட்டைவிரல் அழுத்தியது, கட்டை உள்ளே போனது, இடது நகம் நெம்பியது. அது எழுந்து வந்தது. ஒரு மூச்சு விட்டு, அடுத்த சொல். விரல்கள் வீட்டுக்கு வந்த மாதிரி நிதானமாக நடந்தன. ‘தருகிறேன்’ என்று முடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

*வணக்கம், பேச்சித்தாய். ஒற்றுமை 95. சம்மதம் ஏற்கப்பட்டது. சாட்சி இப்போது தட்டலாம். பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடிக்கவும். விசைப்பலகையைக் கழற்றினால் அமர்வு ரத்தாகும்.*

“ஆயிட்டுல்லா?” அவள் எழுந்து நின்று கையெடுத்துத் திரையைக் கும்பிட்டாள். உடனே போனை எடுத்துத் தம்பிக்குப் பேசினாள். “துரை, ஆயிட்டுப்பா. ஆமா. நான்தான்னு சொல்லிட்டு. அண்ணாச்சி இப்பத் தட்டப் போறாக. நீ கஞ்சியைக் குடிச்சுட்டுப் படு.”

கோமதிநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தார். *நான் கோமதிநாயகம். இவரை எனக்கு ஒன்பது ஆண்டுகளாகத் தெரியும்.* கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிற வாக்கியம். விரல்களை வைத்தார். ‘நான்’ தட்டினார். கட்டைவிரல் இறங்கியது. உள்ளே போன கட்டை வருவதற்குள் மற்ற விரல்கள் அடுத்த சொல்லில் பாதி தூரம் ஓடிவிட்டன. நெம்ப வேண்டும் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நகம் தடுமாறியது, வழுக்கியது.

அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் முடித்தார். பாதியில் நிறுத்தினாலும் ஒரு வாய்ப்புப் போகும்.

*தட்டியவர் கோமதிநாயகம் அல்லர். ஒற்றுமை 44. மீதமுள்ள வாய்ப்பு 2.*

மூன்று மாதம். தினமும் எட்டு மணி நேரம். போனது, வந்தது, போனது, வந்தது. அந்தச் சுகத்துக்கு விரல்கள் பழகிப்போய்விட்டன. ஊரில் அத்தனை பேர் கையிலும் அந்த நொண்டல் அப்படியே இருக்கிறது. அதை மறந்தது அவர் ஒருவர்தான். புதுக் கீபோர்டில் அவர் கோமதிநாயகம். அதில் பேச்சித்தாய் இல்லை. பழையதில் அவள் பேச்சித்தாய். அதில் அவர் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிற ஒரு கீபோர்டு இந்த உலகத்தில் இல்லை.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இந்தப் பூசாரி கொடுக்க மாட்டேன் என்றா சொல்கிறான்? இவனுடைய கை கொடுக்கவில்லை.

இரண்டாவது தடவை மெதுவாக, நினைத்து நினைத்து, நெம்பி நெம்பித் தட்டினார். காலையில் பேச்சித்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாளே, அதே காரியம். ஒற்றுமை 40 என்று குறைந்தது. கையை உதறினார். தண்ணீர் குடித்தார். திரையில் நிமிஷங்கள் குறைந்துகொண்டிருந்தன. மூன்றாவதாக, எதையும் நினைக்காமல், தெய்வமே என்று விட்டுத் தட்டினார். 47.

*சாட்சி யார் எனத் தெரியவில்லை. சம்மதம் ரத்து. இவரது சாட்சி உரிமை 90 நாட்களுக்கு முடக்கம்.*

பேச்சித்தாய் இன்னும் போனைக் காதில் வைத்திருந்தாள். மறுமுனையில் அவன் ஏதோ கேட்டிருக்க வேண்டும். “இரு, அண்ணாச்சி முடிச்சிட்டாக போலிருக்கு” என்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனை மெல்லக் கீழே இறக்கினாள்.

“அண்ணாச்சி, நான் நான்தான்னு சொல்லிட்டுல்லா?”

“ஆமாம்மா.”

“பெறகென்ன?”

“நான் நான் இல்லையாம் தாயி” என்றார் கோமதிநாயகம். அறுபதை எட்டப் போகிற மனிதர், மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

அவள் ஒன்றும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து ஓடினாள். டாக்டரம்மா காலில் விழுந்தாவது கேட்கிறேன் என்று போனாள். விழுந்தாள் என்றும், அந்த அம்மாவும் சேர்ந்து அழுதார் என்றும், மறுநாள் காலை அந்த இடம் முறைப்படி வேறு ஆளுக்குப் போனது என்றும் பின்னால் தெரிந்தது.

அன்றிலிருந்து கோமதிநாயகம் பழைய கீபோர்டைக் கழற்றவில்லை. ஊர்க்காரர்களை ஆள் விட்டுக் கூப்பிட்டார். ராசம்மாளுக்கு முடக்கம் நீங்கிய அன்றே ரேஷன் சரியானது. கொழுந்துவேலிடம் மன்னிப்புக் கேட்டார். மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்து தட்டினார். ஐந்தாம் நாள் நகம் தானாக எழ ஆரம்பித்தது. எட்டாம் நாள் விரல்கள் பழையபடி நின்று நின்று நடந்தன. முடக்கத்தில் இன்னும் எண்பத்திரண்டு நாள் மிச்சம் இருந்தது. ஆயுத பூஜை வந்தது. அந்த வருஷம் அவர் சந்தனம் குழைக்கவில்லை. கீபோர்டில் இருக்கிறதே போதும் என்று விட்டுவிட்டார்.

லிங்கதுரை பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தான்.

அதற்கு நாலு நாள் கழித்து முற்பகலில் பேச்சித்தாய் வந்தாள். செருப்பைக் கழற்றினாள். தொட்டியில் கையைக் கழுவினாள். “இறப்பு பதியணுமாம் அண்ணாச்சி. நான்தான் தட்டணுமாம்” என்றாள். அவர் எழுந்து நாற்காலியை விட்டுக் கொடுத்தார். அவளை நேராகப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

*நான் பேச்சித்தாய். என் தம்பி லிங்கதுரை இறந்துவிட்டான்.* வலது கட்டைவிரல் அழுத்தியது. இடது நகம் நெம்பியது. ஒரு மூச்சு. அடுத்த சொல்.

*வணக்கம், பேச்சித்தாய். ஒற்றுமை 98. பதிவு முடிந்தது.*

அவள் எழுந்திருக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து ஏதோ வரும் என்று காத்திருக்கிறாள் என்பது அவருக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

“நீங்க தட்ட வேண்டாமா அண்ணாச்சி? சாட்சி?”

“வேண்டாம்மா” என்றார் கோமதிநாயகம். “இதுக்கு நீ மட்டும் போதும்.”